செதுக்குக் கருவி சொன்னபடி கேட்காதபோது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கோடு சரியாக விழவில்லை என்றால் கை தானாகவே இன்னும் கொஞ்சம் அழுத்தும். எல்லோருக்கும் அப்படித்தான். கையடக்க செதுக்குக் கருவியில் அந்த அழுத்தம்தான் சின்னக் கோளாறைப் பெரிதாக்குகிறது. முனை சூடாகும், வழுக்கும், கண்ணாடியில் சில்லு பெயரும், பிளாஸ்டிக் உருகும், மோட்டார் திணறும். அதனால் எந்தப் பொருளில் வேலை செய்தாலும், ஏதோ சரியில்லை என்று தெரிந்தவுடன் கருவியை நிறுத்திவிட்டு, வெட்டிய இடத்தில் கிடக்கும் தூளைப் பாருங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

கண்ணாடியிலும் கல்லிலும் நைசான தூள் வந்தால் முனை அரைக்கிறது, நல்லது. கண்ணுக்குத் தெரியும் பளபளப்பான துணுக்குகள் வந்தால் அது அரைக்கவில்லை, உடைத்துக்கொண்டிருக்கிறது. அக்ரிலிக்கில் உலர்ந்த வெள்ளைத் துகள் வர வேண்டும். நூல் நூலாக இழுபட்டால் உருகுகிறது. உலோகத்தில் சின்னச் சின்னதாக மின்னும் சீவல்கள் வர வேண்டும். கறுத்த தூசி மட்டும் வந்தால் உரசல்தான் நடக்கிறது, வெட்டு நடக்கவில்லை. மரத்தூள் அந்த மரத்தின் நிறத்திலேயே இருக்க வேண்டும், பழுப்பேறினால் கருகத் தொடங்கிவிட்டது. தூளே வரவில்லை என்றால் முனைக்கும் பொருளுக்கும் பொருத்தமில்லை, அல்லது முனை தேய்ந்துவிட்டது.

இன்னொன்றையும் முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: உங்கள் கையில் இருப்பது சுழலும் கருவியா, தட்டும் கருவியா? ரோட்டரி டூலும், சார்ஜ் ஏற்றும் மெல்லிய என்கிரேவிங் பேனாவும் சுழல்பவை. தட்டும் கருவியில் முனை சுற்றாது, மேலும் கீழுமாக வேகமாகக் குத்தும். வீட்டு மின்சாரத்தில் ஓடும் காந்தச்சுருள் வகை என்றால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 6000 முறை, 60 ஹெர்ட்ஸில் 7200 முறை குத்தும். அதில் இருக்கும் திருகு பெரும்பாலும் குத்தின் ஆழத்தை மாற்றுவது, வேகத்தை அல்ல. கீழே வேகத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் சுழலும் கருவிக்கு. தட்டும் கருவிக்குத் தனியாகப் பின்னால் வருகிறேன்.

எந்த வேலைக்கும் முன் கண்ணுக்குப் பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி போடுங்கள். தூள் பறக்கும் பொருள் என்றால் துகளை வடிகட்டும் முகக்கவசமும் வேண்டும், துணிக்கவசம் போதாது. தொளதொளப்பான கையுறை, தொங்கும் சட்டைக்கை, அவிழ்ந்த முடி இவற்றைச் சுழலும் முனையின் பக்கம் கொண்டுவராதீர்கள்.

கை முழுக்க அதிர்கிறது, முனை ஆடுகிறது

இது பொருளால் வரும் கோளாறு இல்லை. பொருளைத் தொடாமல் கருவியைக் காற்றிலேயே குறைந்த வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். முனை அசையாமல் நின்று சுழல்வதாகத் தெரிய வேண்டும். மங்கலான வட்டம் தெரிந்தால் பிடிமானத்தில் ஆட்டம் இருக்கிறது.

முதல் சந்தேகம் தண்டின் பருமன் மேல்தான். முனைகள் 3.2 மி.மீ., 3 மி.மீ., 2.35 மி.மீ. என்று வெவ்வேறு தண்டுகளில் வருகின்றன. 3.2-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 3 மி.மீ. தண்டு 3.2 மி.மீ. காலெட்டுக்குள் (கருவியில் தண்டை இறுக்கிப் பிடிக்கும் பிளவுள்ள குழல்) போய்விடும், இறுக்கினால் இறுகவும் செய்யும். ஆனால் மையத்தில் நிற்காது. பல பெட்டிகளில் முனைகள் கலந்தே வருவதால் ஒரு வெர்னியர் காலிப்பரால் அளந்து தனித்தனியாகப் பிரித்து வைப்பது நல்லது.

தண்டு சரி என்றால் அது வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். முனையைக் கழற்றி, தண்டைச் சமமான கண்ணாடித் தட்டில் வைத்து விரலால் உருட்டுங்கள். தலை துள்ளினால் தண்டு வளைந்துவிட்டது. நிமிர்த்த முயல வேண்டாம், தூக்கிப் போடுங்கள். வளைந்த தண்டு அதிக வேகத்தில் முறிந்து தெறிக்கும்.

அடுத்து காலெட். கழற்றி அதன் பிளவுகளில் அடைந்த தூளைப் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். ஒரு மணல் துகள் உள்ளே இருந்தாலும் முனை ஓரமாகத்தான் பிடிபடும். முனை இல்லாமல் காலெட் நட்டை இறுக்கி வைக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், காலெட் நசுங்குவது அப்படித்தான். கடைசியாக, முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளம். தண்டின் பெரும்பகுதி உள்ளே இருக்க வேண்டும். அடி முட்டும் வரை தள்ளிவிட்டு ஒரு இம்மி வெளியே இழுத்து இறுக்குங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும், எந்த முனையை மாட்டினாலும் ஆட்டம் இருக்கிறது என்றால் பேரிங் தேய்ந்திருக்கிறது. கரகரப்புச் சத்தமும் கழுத்துப் பகுதியில் சூடும் சேர்ந்தே வரும்.

முனை வழுக்கி ஓடுகிறது, கோடு கை போகும் பக்கம் போகவில்லை

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கருவியை வைத்துவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். "எனக்குக் கை நிலையாக இல்லை" என்று நினைத்துக்கொள்கிறார்கள். கையில் குறை ஒன்றும் இருக்காது. காரணங்கள் மூன்று, மூன்றுமே கருவியின் இயல்பில் இருப்பவை.

ஒன்று, சாய்வு. உருண்டைத் தலை முனையைச் செங்குத்தாக நிறுத்தினால், பொருளைத் தொடுவது உருண்டையின் உச்சிப்புள்ளி. சுழற்சியின் அச்சு அந்தப் புள்ளி வழியாகத்தான் போகிறது. மோட்டார் எத்தனை ஆயிரம் சுற்று சுற்றினாலும் அந்தப் புள்ளி கிட்டத்தட்ட நகர்வதே இல்லை. நகராத புள்ளி எதையும் வெட்டாது, வழுக்கத்தான் செய்யும். கருவியை 30 முதல் 45 பாகை சாய்த்தால் உருண்டையின் பக்கவாட்டு தொடும். அங்கே வேகம் இருக்கிறது, உடனே கடிக்கத் தொடங்கும். எழுதும் பேனாவைப் பிடிப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சாயுங்கள்.

இரண்டு, ஓடும் திசை. கருவியின் பின்பக்கமிருந்து பார்த்தால் முனை கடிகாரமுள் திசையில் சுழல்கிறது. வலக்கைக்காரர் கருவியை வலப்பக்கம் சாய்த்துப் பிடிக்கும்போது, பொருளைத் தொடும் அடிப்பக்கம் அவரை நோக்கி வருகிறது. அதன் எதிர்விளைவாகக் கருவி அவரைவிட்டு விலகி ஓடப் பார்க்கும். அதனால் வலக்கைக்காரர் கோட்டைத் தன்னை நோக்கி இழுத்தால் கருவி அடங்கி வரும், வெளியே தள்ளினால் பிய்த்துக்கொண்டு ஓடும். இடக்கைக்காரருக்கு இது அப்படியே தலைகீழ்: தள்ளும்போது அடங்கும், இழுக்கும்போது பாயும். வலக்கைக்காரர்களுக்காக எழுதிய குறிப்பை வைத்துப் பழகும் இடக்கைக்காரர்கள் காரணம் தெரியாமல் சிரமப்படுவது இதனால்தான். வளைவுகளில் கையைத் திருப்பாதீர்கள், பொருளைத் திருப்புங்கள். உங்கள் கைக்கு ஏற்ற திசை எப்போதும் அப்படியே இருக்கட்டும்.

மூன்று, ஊன்றல். சுண்டுவிரலோ உள்ளங்கை ஓரமோ பொருளின் மேல் பதிந்திருக்க வேண்டும். மணிக்கட்டு காற்றில் தொங்கினால் எந்த முனையும் அடங்காது. டம்ளர், பாட்டில் மாதிரி உருண்டையான பொருளுக்கு அடியில் மடித்த துண்டோ, அரிசி நிரப்பிய துணிப்பையோ வைத்தால் அசையாமல் உட்காரும்.

இவை சரியான பிறகு, மழமழப்பான பரப்பில் முதல் கோட்டை ஆழமாகப் போட முயலாதீர்கள். முனையின் எடை மட்டும் படுகிற மாதிரி ஒரு மெல்லிய கீறல் போடுங்கள். அந்தக் கீறல் அடுத்த கோட்டுக்குத் தடம். மூன்று நான்கு முறை அதே தடத்தில் போனால் ஆழம் தானாக வரும்.

கண்ணாடியில் கோட்டின் ஓரம் சில்லுசில்லாகப் பெயர்கிறது

தூளில் துணுக்குகள் மின்னுகின்றனவா? அப்படியென்றால் முனையின் வைரத்துகள்கள் பெரிது, அல்லது அழுத்தம் அதிகம், அல்லது தண்ணீர் இல்லை. பெரும்பாலும் மூன்றும் சேர்ந்தே இருக்கும்.

கண்ணாடிக்கு வைரப்பூச்சு முனைதான். பச்சை நிற சிலிக்கான் கார்பைடு கல்லும் பரப்பை மங்கலாக்க உதவும். வைர முனைகளிலும் சொரசொரப்பானவை, நைசானவை என்று உண்டு. பட்டை தீட்டுவதற்கும் பெரிய இடத்தை நிரப்புவதற்கும் சொரசொரப்பானது. வெளிக்கோட்டுக்கு நைசானது. ஒரே முனையால் இரண்டையும் செய்யும்போதுதான் ஓரம் பெயரும். வெளிக்கோட்டை நைசான முனையால் முதலில் போட்டுவிட்டு, உட்பக்கத்தை மற்றதால் நிரப்புங்கள்.

தண்ணீர் இரண்டு வேலை செய்கிறது, சூட்டையும் எடுக்கிறது, தூளையும் பறக்கவிடாமல் பிடித்துவைக்கிறது. வெட்டும் இடத்தில் ஒரு சொட்டு நின்றால் போதும். ஈரமான ஸ்பாஞ்சைப் பக்கத்தில் வைத்து முனையை அடிக்கடி அதில் தொட்டு எடுக்கலாம். ஆனால் வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடும் கருவி என்றால் தண்ணீர் கைப்பிடிப் பக்கம் வழியவே கூடாது. ஈர வேலைக்கு பேட்டரிக் கருவியோ, மோட்டார் தள்ளி இருக்கிற வளையும் தண்டு இணைப்போதான் என் தேர்வு. இதில் நான் எந்தச் சமரசமும் செய்வதில்லை.

வெள்ளைச் சேறு கோட்டை மறைக்கும். துடைத்துத் துடைத்துப் பாருங்கள். மறைந்த கோட்டை ஊகித்துப் போட்டால் தடம் இரண்டாகும்.

கண்ணாடி முழுவதுமாகச் சிதறினால் கதை வேறு. அது டெம்பர்டு கண்ணாடியாக இருந்திருக்கும். அந்த வகைக் கண்ணாடியின் இரண்டு பரப்புகளும் அழுத்தத்திலும் நடுப்பகுதி இழுவிசையிலும் பூட்டப்பட்டிருக்கும். அழுத்தமுள்ள அடுக்கு ஒவ்வொரு பக்கமும் தடிமனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. கோடு அந்த அடுக்கைத் தாண்டி நடுப்பகுதியைத் தொட்டால் மொத்தக் கண்ணாடியும் ஒரே நொடியில் பொடிப்பொடியாகிவிடும். மெல்லிய கண்ணாடியில் அந்த அடுக்கு எவ்வளவு மெல்லியது என்று யோசித்துப் பாருங்கள். மேலோட்டமாகக் கீறினால் பரவாயில்லை என்று சிலர் சொல்வார்கள். நான் அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பிறகு ஒருநாள் கையில் பிடித்திருக்கும்போது அது உடையக்கூடும்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மூலையிலோ அடியிலோ முத்திரை இருக்கிறதா பாருங்கள். போலராய்டு குளிர்கண்ணாடி போட்டுக்கொண்டு, வானத்தின் வெளிச்சம் பட்டுத் திரும்பும்படி சாய்த்துப் பார்த்தால் டெம்பர்டு கண்ணாடியில் பெரும்பாலும் நிழல் திட்டுகள் தெரியும். திட்டு தெரியாததாலேயே சாதாரணக் கண்ணாடி என்று முடிவுகட்ட முடியாது. சந்தேகம் இருந்தால் அந்தப் பொருளை விட்டுவிட்டு வேறு எடுங்கள்.

ஈயம் கலந்த கிரிஸ்டல் கண்ணாடி இளகியது, வெட்டச் சுகமாக இருக்கும், கோடும் அழகாக வரும். ஆனால் தூளில் ஈயம் இருக்கிறது. ஈரத்தில் மட்டும் வெட்டி, சேற்றை ஈரத்துணியால் எடுத்து, கையை நன்றாகக் கழுவிய பிறகே சாப்பாட்டைத் தொடுங்கள்.

முனை சுற்றுகிறது, தடம் விழவில்லை, வெறும் பளபளப்புதான் வருகிறது

எவர்சில்வரில் இது அடிக்கடி நடக்கும். எவர்சில்வருக்கு ஒரு குணம்: வெட்டாமல் உரசினால் அந்த இடம் இன்னும் கடினமாகிவிடும். முனையை அதிக வேகத்தில் சுழலவிட்டு, கையை மெதுவாக, பயந்து பயந்து நகர்த்தித் தடவினால் நீங்களே அந்த இடத்தைக் கெட்டிப்படுத்துகிறீர்கள். அழுத்தாதீர்கள் என்று இவ்வளவு நேரம் சொன்னதற்கு ஒரே விலக்கு இது. வேகத்தைக் குறைத்து, கூர்மையான கார்பைடு (டங்ஸ்டன் கார்பைடு) முனையால், உறுதியான ஒரே சீரான அழுத்தத்தில், நிற்காமல் நகருங்கள். ஒரே இடத்தில் தங்கினால் மறுபடியும் கெட்டியாகும். ஏற்கெனவே பளபளப்பாகிவிட்ட இடத்தில் மல்லுக்கட்டாமல், கொஞ்சம் தள்ளித் தொடங்கி அந்த இடத்துக்குள் நுழையுங்கள்.

இரும்பு, எஃகு வகைகளில் வைர முனையைப் பயன்படுத்தினால் முதலில் வெட்டும், அப்புறம் சீக்கிரமே மழுங்கும். வைரம் என்பது கார்பன். சூடான இரும்பு கார்பனைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். கடினத்தில் வைரத்தை மிஞ்சியது இல்லை என்றாலும் எஃகில் அது தேய்வதற்குக் காரணம் இந்த வேதியியல்தான். எஃகுக்குக் கார்பைடு முனையோ அலுமினியம் ஆக்சைடு கல்லோ எடுங்கள். மெல்லிய கோடு போட வேண்டும், வைரம்தான் கையில் இருக்கிறது என்றால் வேகத்தைக் குறைத்து, சூடேறாமல் விட்டுவிட்டுப் போடுங்கள்.

நிறம் ஏற்றிய அலுமினியத்தில் மேலே இருப்பது பெயின்ட் அல்ல, அலுமினியம் ஆக்சைடு. மாணிக்கமும் அதே சேர்மம்தான். மாணிக்கத்தின் அளவுக்கு இல்லாவிட்டாலும் இந்த அடுக்கும் நல்ல கடினம். ஆனால் அடுக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். நல்ல வைர முனையால் அதை மட்டும் எடுத்தாலே அடியில் வெள்ளி நிறம் பளிச்சென்று தெரியும். ஆழமே தேவையில்லை.

பொருள் எதுவானாலும், நேற்று வெட்டிய முனை இன்று வெட்டவில்லை என்றால் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வைரத்துகள் உதிர்ந்து உலோகம் வழவழப்பாகத் தெரிந்தால் முனை முடிந்தது. துகள் இருந்து, இடைவெளியில் வெள்ளை அடைப்பு இருந்தால் முனை இன்னும் நல்லதுதான். ஈரப்படுத்திய அலுமினியம் ஆக்சைடு தீட்டுக்கல்லில் சில நொடி ஓட்டினால் வாய் திறந்துவிடும்.

பிளாஸ்டிக் உருகி முனையில் உருண்டை கட்டுகிறது

அக்ரிலிக் ஏறத்தாழ 100 பாகை செல்சியசிலேயே இளகத் தொடங்கும். முனையின் உரசலில் அந்தச் சூடு சில நொடியில் வந்துவிடும். வேகத்தை 10,000 சுற்றுக்குக் கீழே கொண்டுவாருங்கள். வைர முனையை மாற்றிவிட்டு, பள்ளங்கள் பெரிதாக உள்ள கார்பைடோ எஃகு முனையோ போடுங்கள். வைரத்துகள்களுக்கு இடையே துகள் வெளியேற வழியில்லை, அங்கேயே தங்கி உருகும். கோட்டைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் போட்டு, இடையிடையே முனையைத் தூக்குங்கள்.

எல்லாம் செய்தும் இழுபடுகிறதா? அக்ரிலிக்கின் வகையைப் பாருங்கள். அச்சில் வார்த்த தகடு தூளாக வரும், கோடு பனி படிந்தது மாதிரி வெண்மையாக இருக்கும். உருக்கிப் பிதுக்கித் தயாரித்த தகடு சீக்கிரம் இளகும், கோட்டின் இரு ஓரத்திலும் கரை கட்டும். செதுக்க நினைத்தால் வார்த்ததையே கேட்டு வாங்குங்கள்.

முடித்த பிறகு ஸ்பிரிட்டோ தின்னரோ போட்டுத் துடைக்காதீர்கள். வெட்டிய இடத்தில் இறுக்கம் தங்கியிருக்கும், அந்தத் திரவம் பட்டால் மயிரிழை விரிசல்கள் ஓடும். சோப்புத் தண்ணீர் போதும். பிவிசியில் உருகும் வாடை வந்தால் உடனே நிறுத்திக் காற்றோட்டம் செய்யுங்கள். அதிகம் சூடானால் அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும்.

அலுமினியமும் செம்பும் உருகாமலேயே அப்பிக்கொள்ளும். கார்பைடு முனையில் மெழுகுவர்த்தியைத் தொட்டுத் தொட்டு வெட்டினால் ஒட்டாது. சாணைக்கல் முனையை அலுமினியத்தில் பயன்படுத்த வேண்டாம். உலோகம் கல்லின் துளைகளை அடைத்து, கல் சூடேறி வெடிக்கும் அபாயம் உண்டு.

மரம் கருகுகிறது, அல்லது ஓரமெல்லாம் நார் எழும்புகிறது

கருகினால் வேகம் அதிகம், அல்லது நகர்வு குறைவு. ஒரு கணக்கு இங்கே உதவும். 20,000 சுற்றில் 1 மி.மீ. உருண்டையின் விளிம்பு நிமிடத்துக்குச் சுமார் 63 மீட்டர் ஓடுகிறது. அதே சுற்றில் 3 மி.மீ. உருண்டை மாட்டினால் சுமார் 188 மீட்டர். சின்ன முனையில் ஒழுங்காக வந்த மரம், முனையை மட்டும் மாற்றியதும் கருகுவது இதனால். பெரிய தலை மாட்டும்போது வேகத்தைக் குறைக்க மறக்காதீர்கள்.

நார் எழும்பினால் முனை மழுங்கியிருக்கிறது, அல்லது மரம் மென்மையானது, அல்லது இழைக்கு எதிராகப் போகிறீர்கள். முனையை மாற்றிப் பாருங்கள். அப்படியும் எழும்பினால் எதிர்த்திசையில் போங்கள். மிச்ச நாரை நைசான உப்புத்தாளால் எடுத்துவிடலாம். பைன் மாதிரி மரங்களில் வளர்ச்சி வளையங்கள் ஒன்று மென்மை, ஒன்று கடினம் என்று மாறி மாறி வரும். மென்மையில் முனை இறங்கும், கடினத்தில் தாவும். அதற்குக் கருவியில் மருந்தில்லை. நுண்ணிய வேலைக்குச் சீரான இழையுள்ள மரம் எடுப்பதுதான் வழி. பிசின் அடைத்த முனையைப் பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் சுத்தமாகும்.

தோலில் சுழலும் முனை எனக்குப் பிடித்ததில்லை. பஞ்சு பஞ்சாக எழும்பும், வேகம் கூடினால் கருகும். கெட்டியான, தாவரச்சாற்றால் பதனிட்ட தோலில் மிகக் குறைந்த வேகத்தில் மேலோட்டமாகப் போகலாம். ஆழமான கோட்டுக்குத் தோல் வெட்டும் கத்தியே மேல்.

தட்டும் கருவியில் கோடு புள்ளிப்புள்ளியாக விழுகிறது

கை வேகமாகப் போகிறது. நிமிடத்துக்கு 6000 குத்து என்றால் நொடிக்கு 100. கை நொடிக்கு 20 மி.மீ. நகர்ந்தால் புள்ளிக்குப் புள்ளி 0.2 மி.மீ. இடைவெளி, அது கண்ணுக்குத் தெரியும். நொடிக்கு 5 மி.மீ. என்று குறைத்தால் 0.05 மி.மீ., கோடு சேர்ந்துவிடும். நிழல் வேண்டுமென்றால் வேண்டுமென்றே வேகமாகப் போய்ப் புள்ளிகளால் நிரப்பலாம், அதுவும் அழகுதான்.

கடகடவென்று சத்தம் வந்தால் ஆழத் திருகு தேவைக்கு மேல் திறந்திருக்கிறது. சத்தம் சீராகும் வரை குறையுங்கள். பரப்பு குழிகுழியாகி, ஓரத்தில் உலோகம் மேலெழுந்தால் ஆழம் அதிகம். கண்ணாடியில் மிகக் குறைந்த ஆழத்தில் மட்டும். மெல்லிய தகட்டுக்கு அடியில் கனமான மரக்கட்டையோ இரும்போ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குத்தின் பாதி பலம் தகடு அதிர்வதிலேயே போய்விடும்.

கருவி சூடாகிறது, அழுத்தினால் நின்றுபோகிறது

காற்றுத் துளைகளைக் கை மூடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு துளைகளில் தூள். பேட்டரிப் பேனா என்றால் சார்ஜ் குறைந்ததும் பலம் போய்விடும், முழு சார்ஜில் ஒருமுறை சோதித்துவிட்டு மற்றதை யோசியுங்கள். அந்தச் சின்ன மோட்டார்கள் மெல்லிய கோட்டுக்குத்தான், ஆழமாகக் குடைய அவற்றால் ஆகாது.

கார்பன் பிரஷ் (சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்தும் கரித்துண்டு) உள்ள மோட்டாரில் வேகம் விட்டுவிட்டு வந்தால், பின்பக்கத் துளை வழியாகப் பெரிய தீப்பொறி தெரிந்தால், அந்த பிரஷ் தேய்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். ஏறத்தாழ 3 மி.மீ.-க்குக் குறைந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழையதையே திரும்ப மாட்டுவதானால் இருந்த பக்கமும், அதன் நுனியில் தேய்ந்து உண்டான வளைவின் திசையும் மாறாமல் மாட்டுங்கள். புதியவற்றைப் போட்டதும் பாரமில்லாமல் சில நிமிடம் ஓடவிடுங்கள், வளைவு பதியட்டும்.

வரைந்த படம் பாதியில் அழிந்துவிடுகிறது

டம்ளர், பாட்டில் என்றால் வெளியே வரையவே வேண்டாம். படத்தைக் காகிதத்தில் அச்சிட்டு உட்பக்கம் ஒட்டிவிட்டு வெளியிலிருந்து பாருங்கள். தண்ணீர் எதையும் அழிக்காது. கண்ணாடி தடிமனாக இருந்தால் ஒரு கண்ணை மூடி, நேராகப் பாருங்கள், இல்லாவிட்டால் படம் நகர்ந்து தெரியும். உலோகத்தில் வெள்ளை போஸ்டர் கலரை மெல்லிதாகப் பூசி, காய்ந்ததும் பென்சிலால் வரையலாம். கறுப்புக் கல்லில் வெள்ளைப் பென்சில்.

செதுக்கியது நன்றாக இருந்தும் கண்ணில் படவில்லை என்றால் ஆழத்தைக் கூட்டாதீர்கள். மரம், உலோகம், கல் இவற்றில் கோட்டுக்குள் அக்ரிலிக் பெயின்ட்டைத் தடவி, மேல்பரப்பை உடனே துடைத்துவிடுங்கள். பூச்சில்லாத மரமும் நுண்துளைக் கல்லும் நிறத்தை உறிஞ்சும், அவற்றுக்கு முதலில் ஒரு கோட் வார்னிஷ் வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்தாலே கோடு எழுந்து வரும்.

கல், சிப்பி, முட்டையோடு: தூள் எங்கும் பறக்கிறது

இங்கே தூளே கோளாறு. கிரானைட், மணற்கல், சிலேட்டுக் கல், பீங்கானின் உட்பகுதி ஆகியவற்றில் படிக சிலிக்கா இருக்கிறது. அதன் நுண்தூள் நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் நோயைத் தரும். அதற்குக் குணமாக்கும் மருந்து கிடையாது. மாக்கல் இளகியது, செதுக்க இனிமையானது. ஆனால் சில மாக்கல்லில் ஆஸ்பெஸ்டாஸ் இழைகள் கலந்திருக்கும். இவற்றை எல்லாம் ஈரத்திலேயே செய்யுங்கள், முகக்கவசத்தோடு. காய்ந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், வாயால் ஊதாதீர்கள். ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். சிப்பியின் தூளும் மூச்சுக்குழாயை எரிச்சலாக்கும், அதற்கும் இதே முறைதான்.

கோழிமுட்டை ஓடு 0.3 முதல் 0.4 மி.மீ. தடிமன்தான், நெருப்புக்கோழி முட்டை ஓடு ஏறத்தாழ 2 மி.மீ. தட்டும் கருவி இரண்டுக்கும் கூடாது. உள்ளே இருப்பதை எடுத்துக் கழுவி, நன்றாகக் காயவைத்த ஓட்டில் சின்ன வைர முனையால், கருவியின் எடைகூட முழுதும் படாதபடி போக வேண்டும். ஓடு விரிசல் விட்டால் அது பெரும்பாலும் முனையால் வந்ததல்ல, பிடித்திருக்கும் இடது கை இறுகியதால் வந்தது. ஓட்டைக் கையில் பிடிக்காமல் பஞ்சு நிரப்பிய கிண்ணத்தில் உட்கார வையுங்கள்.

விரல்கள் மரத்துப்போகின்றன

கருவியை அணைத்துவிடுங்கள். அதிர்வு தொடர்ந்து ஏறினால் விரல் நரம்புகளும் ரத்தக்குழாய்களும் பாதிக்கப்படும், தட்டும் கருவியில் இது இன்னும் சீக்கிரம் வரும். பிடியைத் தளர்த்துங்கள், கைப்பிடியில் மெத்தென்ற உறை மாட்டுங்கள், அடிக்கடி கையை உதறி இடைவெளி விடுங்கள். முனை ஆட்டம் இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள், கைக்கு ஏறும் அதிர்வில் பெரும்பங்கு அங்கிருந்து வருகிறது. வேலையை நிறுத்திய பிறகும் மரப்பு போகவில்லை என்றாலோ, விரல் நுனி வெளுத்துப்போனாலோ மருத்துவரிடம் காட்டும் வரை கருவியைத் தொடாதீர்கள்.